பிராந்திய நிதிக்கு எந்தச் சாலைத் திட்டத்தை அனுப்புவது? நகர அலுவலகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு நகரத்தின் பொதுப்பணித் துறையிலோ திட்டமிடல் பிரிவிலோ சேர்ந்தவருக்குச் சில மாதங்களிலேயே வந்து சேரும் வேலை இது. பெருநகரத் திட்டமிடல் அமைப்பிலிருந்து, அதாவது எம்.பி.ஓ.விலிருந்து, ஒரு மின்னஞ்சல் வரும்: திட்ட விண்ணப்பங்கள் அனுப்பலாம், கெடு எட்டு வாரம். நகரத்தின் கையில் நாற்பது ஐம்பது யோசனைகள் இருக்கும். அனுப்ப முடிவது இரண்டோ மூன்றோதான்.

பெரும்பாலோர் "எது அதிகம் தேவை?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேள்வி சரி, ஆனால் பாதிக் கேள்வி. மீதிப் பாதி இது: "குறித்த ஆண்டுக்குள் இதை டெண்டர் விடும் நிலைக்கு நம்மால் கொண்டுவர முடியுமா?" எம்.பி.ஓ. வழியாக வரும் ஃபெடரல் பணம், அதாவது மத்திய அரசின் பணம், கையில் முன்கூட்டியே தரப்படுவதில்லை. நகரம் செலவழித்துவிட்டு, பில் அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். அதுவும் குறித்த கெடுவுக்குள். நல்ல திட்டம் ஒன்று நிலம் கிடைக்காமல் மூன்று ஆண்டு இழுத்துப் பணத்தை இழந்தால், அந்தத் தெருவில் நடப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது. பக்கத்து ஊருக்குக் கிடைத்திருக்க வேண்டியதும் வீணாகும்.

பணம் யார் கையில்?

1962ஆம் ஆண்டு ஃபெடரல் நெடுஞ்சாலைச் சட்டம்தான் 50,000 பேரைத் தாண்டிய நகர்ப்புறங்களில் போக்குவரத்துத் திட்டமிடலைக் கட்டாயமாக்கியது. இன்று அந்த வேலையைச் செய்பவை எம்.பி.ஓ.க்கள். நாடு முழுக்க 400க்கும் மேல் இருக்கின்றன. உங்கள் பகுதியின் மக்கள்தொகை 2,00,000த்தைத் தாண்டினால், ஃபெடரல் நிதியில் ஒரு பங்குக்கு எந்தத் திட்டங்கள் என்பதை எம்.பி.ஓ.வே தேர்வு செய்கிறது. அதற்குக் கீழே உள்ள பகுதிகளில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கை ஓங்கியிருக்கும். முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். யாரிடம் போய்ப் பேசுவது என்பது இதைப் பொறுத்ததுதான்.

இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, குறைந்தது 20 ஆண்டுகளை நோக்கும் நீண்டகாலத் திட்டம். காற்றுத் தரம் மோசமான பகுதிகளில் 4 ஆண்டுக்கு ஒருமுறையும் மற்ற இடங்களில் 5 ஆண்டுக்கு ஒருமுறையும் இதைப் புதுப்பிப்பார்கள். இன்னொன்று, குறைந்தது 4 ஆண்டுகளுக்கான செலவுத் திட்டம். அலுவலகங்களில் "டிப்" என்பார்கள். "டிப்"பில் பெயர் ஏறாத திட்டத்துக்கு ஃபெடரல் பணம் இறங்காது. வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நிதிக்குள் அந்தப் பட்டியல் அடங்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அது ஆசைப் பட்டியல் அல்ல. ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே நிற்கும்.

உங்கள் திட்டம் நீண்டகாலத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சாலையை அகலப்படுத்துவது போன்ற பெரிய வேலை அதில் பெயரோடு இருக்க வேண்டும். நடைபாதை, சிக்னல் மாற்றம் போன்றவை பொதுத் தலைப்பு ஒன்றின் கீழ் அடங்கினால் போதும்.

தகுதியைப் பத்து நிமிடத்தில் பாருங்கள்

மாநிலத் துறையின் சாலை வகைப்பாட்டு வரைபடத்தைத் திறந்து ஒவ்வொரு யோசனையையும் அதில் தேடுங்கள். குடியிருப்புத் தெரு என்று வகைப்படுத்தப்பட்ட சாலைக்குப் பொதுவாக ஃபெடரல் நெடுஞ்சாலை நிதி கிடையாது. பாலம், நடைபாதை, சைக்கிள் பாதை, பாதுகாப்பு வேலைகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. சிறு பாலம் என்றால் நீளத்தை அளந்து பாருங்கள். 20 அடிக்கு மேற்பட்டவைதான் தேசியப் பாலக் கணக்கில் வரும். 18 அடிச் சிறு பாலத்தைப் பால நிதிக்கு அனுப்பி ஏமாறுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

அடுத்து, சாலை யாருடையது? ஊருக்குள் ஓடும் முக்கியச் சாலை பல இடங்களில் மாநிலத்துக்குச் சொந்தம். அதில் ஒரு நடைபாதை கட்டவும் மாநிலத்தின் அனுமதி தேவை. விண்ணப்பத்துக்கு முன்பே அவர்களின் மாவட்டப் பொறியாளரிடமிருந்து "எங்களுக்குச் சம்மதம்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பட்டியலைக் கட்டுவது

விபத்துத் தரவிலிருந்து தொடங்குங்கள், நகரசபை உறுப்பினர்களின் விருப்பத்திலிருந்து வேண்டாம். உயிரிழப்பும் கடுங்காயமும் எங்கே நடக்கின்றன என்று ஐந்தாண்டுக் கணக்கை வரைபடத்தில் குத்திப் பாருங்கள். ஏன் ஐந்தாண்டு? ஒரு சந்திப்பில் ஓர் ஆண்டில் நான்கு விபத்து நடந்திருக்கும். அடுத்த ஆண்டு எதுவும் செய்யாமலேயே ஒன்றாகக் குறையும். ஒற்றை ஆண்டை நம்பினால் தற்செயலுக்குப் பணம் செலவழிப்போம். பெரும்பாலான ஊர்களில் கடும் விபத்துகள் நான்கைந்து அகலமான சாலைகளில்தான் குவிந்திருக்கும். பஸ் நிறுத்தம் ஒரு பக்கம், கடை மறுபக்கம், கடக்கும் இடமோ அரை மைல் தள்ளி. நிதி முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அங்கே நடப்பவர்கள் பொதுக் கூட்டத்துக்கு வந்து மைக் பிடிப்பவர்கள் அல்ல. அவர்களுக்காகப் பேசுவது தரவு மட்டுமே.

பிறகு மற்றவற்றைச் சேருங்கள்: பாலச் சோதனை அறிக்கை (0 முதல் 9 வரையான மதிப்பில் 4 அல்லது கீழே என்றால் மோசம்), சாலைத் தளத்தின் நிலை, பஸ் நிறுவனத்தின் கோரிக்கைகள், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் திட்டம், பள்ளிகளின் கடிதங்கள்.

தளம் பற்றி ஒரு எச்சரிக்கை. "மேலே தார் போட்டால் போதும்" என்று நினைக்கும் திட்டம்தான் பட்ஜெட்டைக் கவிழ்க்கும். 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, மறுதளம் போடும்போது அந்த நீளத்தில் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவுகளையும் விதிக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். பத்துச் சந்திப்பு, ஒவ்வொன்றிலும் எட்டுச் சரிவு என்றால் 80 சரிவு. பல திட்டங்களில் தாரைவிட இதற்கே செலவு அதிகம்.

நடந்து பாருங்கள்

பட்டியல் பத்துக்குள் வந்ததும் ஒவ்வொரு இடத்துக்கும் அளவுநாடாவோடு போங்கள். செயற்கைக்கோள் படம் போதாது.

ஒரு மூலையை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் பங்க் இருக்கும் மூலை. அங்கே புதிய சரிவு வைக்க வேண்டும். சரிவின் சாய்வு 8.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, குறுக்குச் சாய்வு 2 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும், நடக்க 4 அடித் தெளிவான அகலம் வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் நடைபாதை 5 அடி. நடுவே மின்கம்பம், அதை ஒட்டி சிக்னல் பெட்டி. கம்பத்துக்கும் பங்கின் தாழ்வான சுவருக்கும் இடையே நாடா 31 அங்குலம் காட்டுகிறது. இப்போது வழி இரண்டுதான்: கம்பத்தை நகர்த்துவது, அல்லது பங்கிடமிருந்து முப்பது நாற்பது சதுர அடி வாங்குவது.

முதல் வழியில் மின்நிறுவனத்தின் கால அட்டவணைக்கு நீங்கள் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் 1970ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் வரும்: மதிப்பீடு, எழுத்தில் விலை முன்மொழிவு, பேச்சுவார்த்தை. சொந்தக்காரர் சும்மாவே தந்தாலும், விலை பெறும் உரிமை அவருக்கு உண்டு என்று முன்பே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். "வாய்வார்த்தையாகச் சரி என்றார்" என்று தொடங்கிய வேலைகள் பின்னால் ஃபெடரல் பங்கை இழந்திருக்கின்றன. பெட்ரோல் பங்குக்கு அடியில் பழைய எண்ணெய்த் தொட்டி கசிந்திருந்தால் மண் சோதனையும் சேரும். நாடாவில் தெரிந்த அந்த 31 அங்குலத்தின் விலை ஒன்றரை ஆண்டு.

இப்படி ஒவ்வொரு இடத்திலும் குறித்துக்கொள்ள வேண்டியவை: நகர்த்த வேண்டிய கம்பங்கள், வாங்க வேண்டிய நிலத்துண்டுகளின் எண்ணிக்கை, ரயில் தண்டவாளம் எவ்வளவு அருகில், பூங்காவையோ வரலாற்றுச் சின்னத்தையோ தொடுகிறதா, ஓடை குறுக்கிடுகிறதா. தண்டவாளம் இருந்தால் ரயில் நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கே ஓர் ஆண்டுக்கு மேல் போகலாம். பூங்காவைத் தொட்டால் 1966ஆம் ஆண்டுப் போக்குவரத்துத் துறைச் சட்டத்தின் 4(எஃப்) பிரிவுப்படி தனி ஆய்வு. மரங்கள் நிறைந்த அழகான நடைபாதைத் திட்டங்கள் பல இந்தப் பிரிவில்தான் சிக்குகின்றன, ஏனென்றால் அவை பூங்காவுக்குள் போகின்றன.

சுற்றுச்சூழல் ஆய்வு மூன்று நிலையில் நடக்கும். பெரும்பாலான நகர வேலைகள் எளிதான முதல் நிலையிலேயே, அதாவது விரிவான ஆய்வு வேண்டாத வேலைகளின் விலக்குப் பட்டியலில், முடியும். உங்கள் திட்டம் அதைத் தாண்டும் என்று தோன்றினால் இந்த முறை அனுப்பாதீர்கள். முதலில் ஆய்வை முடியுங்கள், அடுத்த அழைப்பில் வாருங்கள்.

எந்த நிதித் திட்டத்துக்கு எந்த வேலை

2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் 2026 நிதியாண்டு வரைக்குமான தொகைகளை வகுத்தது. நகரங்கள் அதிகம் பார்க்கும் தலைப்புகள் நான்கு. எஸ்.டி.பி.ஜி. என்ற பொதுச் சாலைப் போக்குவரத்து நிதி எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுக்கும். "சீமாக்" காற்றுத் தரம் கெட்ட, அல்லது முன்பு கெட்டிருந்த பகுதிகளுக்கு. சிக்னல் ஒருங்கிணைப்பு, பஸ், சைக்கிள் எல்லாம் இதில் வரும். தனியாகக் கார் ஓட்டுபவர்களுக்காகச் சாலையை அகலப்படுத்துவது வராது. நடைபாதைக்கும் பள்ளிக்குப் போகும் பாதுகாப்பான வழிக்கும் "டாப்". விபத்தைக் குறைக்க ஹெச்.எஸ்.ஐ.பி. இதில் ஃபெடரல் பங்கு பெரும்பாலும் 90 சதவீதம். மற்றவற்றில் வழக்கமாக 80, ஃபெடரல் நிலம் அதிகமுள்ள மேற்கு மாநிலங்களில் சற்றுக் கூடுதல்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, 3 லட்சம் டாலர் வேலைக்கு ஃபெடரல் பணம் கேட்பது. சுற்றுச்சூழல் ஆவணம், அமெரிக்காவில் செய்த இரும்பு, எஃகையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி, ஊதிய விதி, தணிக்கை எல்லாம் 3 லட்சத்துக்கும் உண்டு, 30 லட்சத்துக்கும் உண்டு. சிறிய வேலையைச் சொந்தப் பணத்தில் செய்யுங்கள். அல்லது ஒரே மாதிரியான பத்துச் சந்திப்புகளை ஒரே திட்டமாகக் கட்டி அனுப்புங்கள்.

செலவுக் கணக்கு: இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மைல் நீளமான நான்கு வழிச் சாலை. இதை மூன்று வழியாக்கி, நடுவில் திரும்பும் வழியும் இருபுறமும் சைக்கிள் பாதையும், விட்டுப்போன இடங்களில் நடைபாதையும் தர வேண்டும். நாளுக்கு 20,000 வண்டிக்குள் ஓடும் சாலைக்கு இது நன்றாகப் பொருந்தும். மொத்த விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைவதாக ஃபெடரல் நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது.

பொருள் வாரியாகக் கூட்டினால் இன்றைய விலையில் கட்டுமானம் 25 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். சபையில் யாராவது உடனே சொல்வார்கள்: "இதில் 20 சதவீதம்தானே நம் பங்கு? 5 லட்சம். செய்துவிடலாம்."

முழுக் கணக்கு இப்படிப் போகும். வரைபடம் இன்னும் தொடக்க நிலையில் இருப்பதால் எதிர்பாராச் செலவுக்கு 25 சதவீதம் சேருங்கள்: 31.25 லட்சம். கட்டப்போவது நான்கு ஆண்டு கழித்து. "டிப்"பில் தொகையைச் செலவாகும் ஆண்டின் விலையில்தான் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 4 சதவீத விலையேற்றம் என்றால் 36.6 லட்சம். கட்டுமான மேற்பார்வைக்கும் பொருள் சோதனைக்கும் 15 சதவீதம், அதாவது 5.5 லட்சம். மொத்தம் சுமார் 42 லட்சம். நகரத்தின் 20 சதவீதப் பங்கு 8.4 லட்சம். பல பிராந்தியங்கள் கட்டுமானத்துக்கு மட்டுமே பணம் தரும். அப்படியானால் வடிவமைப்பு 4.5 லட்சமும் நிலம் 2 லட்சமும் முழுக்க நகரத்தின் தலையில். ஆக, 5 லட்சம் என்று பேசிய இடத்தில் 14.9 லட்சம்.

இதோடும் முடியாது. ஒதுக்கிய தொகைக்குப் பெரும்பாலும் உச்சவரம்பு உண்டு. டெண்டர் மதிப்பீட்டைவிட 10 சதவீதம் கூடுதலாக வந்தால், அந்தச் சுமார் 3.7 லட்சத்தையும் நகரமே கட்ட வேண்டும். இந்த முழு எண்ணைச் சபைக்கும் நிதி அலுவலருக்கும் விண்ணப்பத்துக்கு முன்பே காட்டுங்கள். தேர்வான பிறகு சொன்னால் நம்பிக்கை போய்விடும், சில இடங்களில் திட்டமும் போய்விடும்.

மாதாமாதம் ஒப்பந்ததாரருக்கு நகரம் முதலில் பணம் கொடுத்தாக வேண்டும், திரும்ப வருவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். அத்தனை ரொக்கம் புரளுமா என்பதையும் நிதி அலுவலரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். வடிவமைப்புக்கும் ஃபெடரல் பணம் கேட்பதாக இருந்தால் ஆலோசகரைத் தகுதி பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்த விலை சொன்னவரை எடுத்தால் அந்தச் செலவு திரும்பி வராது.

மதிப்பெண்

அழைப்போடு வரும் மதிப்பெண் அட்டவணையை அச்செடுத்து, கடைசியில் மிஞ்சிய நாலைந்து திட்டங்களுக்கும் நீங்களே மதிப்பெண் போடுங்கள். பிறகு திட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாத சக ஊழியர் ஒருவரிடம் விண்ணப்பத்தை மட்டும் கொடுத்து அவரையும் போடச் சொல்லுங்கள். இருவர் எண்ணும் எங்கே விலகுகிறதோ அங்கே உங்கள் எழுத்தில் சான்று இல்லை என்று பொருள். "பாதுகாப்பு மேம்படும்" என்ற வரிக்கு மதிப்பெண் கிடைக்காது. ஐந்தாண்டில் எத்தனை கடுங்காயம், அவற்றில் எத்தனை இடதுபக்கம் திரும்பும்போது, அதை எந்த மாற்றம் குறைக்கும் என்று எழுதினால் கிடைக்கும்.

மதிப்பெண்ணுக்காகத் திட்டத்தை ஊதிப் பெருக்காதீர்கள். சைக்கிள் பாதைக்கு ஐந்து மதிப்பெண் என்பதற்காக இடமில்லாத தெருவில் அதைச் சேர்த்தால், வடிவமைப்பில் அதை எடுக்க நேரும். எடுத்தால் திட்டத்தின் எல்லை மாறியதாகக் கணக்கு. மறுபடி மதிப்பிடுவார்கள், ஒதுக்கீட்டையே ரத்து செய்யவும் கூடும்.

இரண்டு மூன்று அனுப்ப அனுமதி என்றால் முன்னுரிமையை எழுத்தில் சொல்லுங்கள். தயார்நிலை அதிகமுள்ளதை முதலில் வையுங்கள். தேவை மிகப் பெரிது, தயார்நிலை குறைவு என்ற திட்டத்துக்கு, அனுமதி இருந்தால், வடிவமைப்புப் பணம் மட்டும் கேளுங்கள். சபைத் தீர்மானத்தில் நகரப் பங்கின் தொகை எண்ணாக இருக்க வேண்டும். சபை மாதம் இரண்டு முறைதான் கூடும், நிகழ்ச்சி நிரல் அதற்கு முன்பே மூடிவிடும். எட்டு வாரக் கெடுவில் தீர்மானத்துக்கு உண்மையில் கிடைப்பது ஐந்து வாரம்.

தேர்வான பிறகு

அனுமதிக் கடிதம் வரும்வரை ஒரு டாலரும் செலவழிக்காதீர்கள். "டிப்"பில் பெயர் ஏறியது அனுமதி ஆகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும், வடிவமைப்பு, நிலம், கட்டுமானம் என்று தனித்தனியாக, மாநிலம் வழியாக ஃபெடரல் அனுமதி வர வேண்டும். அதற்கு முந்தைய தேதியிட்ட பில் திரும்பி வராது. ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. ஆகவே ஆண்டு முடியும் செப்டம்பரை நம்பி அட்டவணை போடக்கூடாது, மாநிலங்கள் அதற்குப் பல வாரம் முன்பே கோப்பு வாங்குவதை நிறுத்திவிடும். உங்கள் கோப்பு மே மாதத்துக்குள் போய்ச் சேரும்படி பின்னாலிருந்து எண்ணுங்கள். ஓராண்டு முழுக்கப் பில் போகாத திட்டம் செயலற்றது என்று குறிக்கப்படும், பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். பில்லை மாதாமாதம் அனுப்புங்கள், தொகை சிறிதானாலும்.

தேர்வாகாத திட்டத்துக்கு எம்.பி.ஓ. ஊழியரிடம் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்கமாட்டார்கள். நிலத்திலோ கம்பத்திலோ மதிப்பெண் போயிருந்தால், அடுத்த அழைப்பு வருவதற்குள் நகரப் பணத்தில் வடிவமைப்பை 30 சதவீத அளவுக்கு முடித்து, எத்தனை சொத்துகளிலிருந்து எத்தனை சதுர அடி தேவை என்பதை எண்ணோடு அந்தக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.